குருத்தெலும்புச் செல் வளர்ப்பு: அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிக்கும் வழி

கோலாலம்பூரில் திசுப் பொறியியல் ஆய்வுக்கு வரும் நம் பிள்ளைகள் முதல் சில மாதங்களிலேயே சோர்ந்து போவது பெரும்பாலும் செல் வளர்க்கும் அறையில்தான். கையில் இருக்கும் செய்முறை சரியாகவே இருக்கும். ஆனால் ஃபிளாஸ்கில் ஏதோ ஒன்று தப்பாகத் தெரியும், எங்கே தேடுவது என்று புரியாது. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணில் படுவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

போவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, இன்று தெரியும் கோளாறு இன்று தொடங்கியதாக இருக்காது. இரண்டு மூன்று படி பின்னால் போய்த்தான் தேட வேண்டும். அதனால் நோட்டுப் புத்தகத்தில் தேதி, பாசேஜ் எண் (எத்தனையாவது முறை புது ஃபிளாஸ்குக்கு மாற்றி வளர்க்கிறோம் என்பது), சீரம் லாட் எண் (லாட் என்றால் தயாரிப்புத் தொகுதி), என்சைம் லாட் எண் நான்கும் இல்லாவிட்டால் கீழே இருப்பது எதுவும் உதவாது. இன்னொன்று, செல் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது இன்னும் குருத்தெலும்புச் செல்லாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒருவருடைய முழங்காலுக்கோ காது மடலுக்கோ போக வேண்டிய செல், குருத்தெலும்பை ஆக்கும் புரதங்களான காலஜன் 2-ஐயும் அக்ரிகனையும் சுரக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் நிறைய இருந்து என்ன பயன்?

இரவு முழுக்க வைத்தும் துண்டுகள் கரையவில்லை

செல்லைப் பிரிக்க என்சைமில் போட்ட குருத்தெலும்புத் துண்டின் அளவை முதலில் பாருங்கள். கடுகளவுக்கு நறுக்கியிருக்க வேண்டும். 3, 4 மில்லிமீட்டர் துண்டென்றால் வெளிப்புறம் கரைந்து, உள்ளே அப்படியே இருக்கும்.

அளவு சரி என்றால் அடுத்து கால்சியம். காலஜனை அறுக்கும் என்சைமான கொலாஜினேஸ் வேலை செய்யக் கால்சியம் தேவை. அதைக் கால்சியம் இல்லாத பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கரைத்தாலோ, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கலந்த டிரிப்சினால் (செல்லைத் தரையிலிருந்து எடுக்கவும் உதவும் என்சைம்) கழுவிய துண்டை நன்றாக அலசாமல் போட்டாலோ என்சைம் சும்மா கிடக்கும். கால்சியம் உள்ள டிஎம்இஎம் மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) கரைத்தால் இந்தச் சிக்கலே வராது.

அப்புறம் லாட். ஒரே கம்பெனியின் டைப் 2 கொலாஜினேஸாக இருந்தாலும் ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். 0.2 சதவீதம் என்று எடை போட்டுக் கரைப்பவர்கள், புது பாட்டில் திறந்ததும் லேபிளில் உள்ள யூனிட்டைப் பார்த்துக் கணக்கை மாற்ற வேண்டும். வயதானவரின் குருத்தெலும்பு கெட்டியாக இருந்தால் முதலில் ஒரு மணி நேரம் புரோனேஸ், பிறகு கொலாஜினேஸ் என்று போவது நல்லது. புரோனேஸ் புரதத்தை அறுத்து வழி விட்டால்தான் கொலாஜினேஸ் உள்ளே போகும். 37 டிகிரியில் அசையாமல் வைப்பதைவிட மெதுவாக ஆட்டும் ஷேக்கரில் வைப்பது மேல்.

கரைந்துவிட்டது, ஆனால் செல்கள் மிகக் குறைவு அல்லது நிறையச் செத்திருக்கின்றன

குறைவு என்று பதறுவதற்கு முன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வயது வந்தவரின் மூட்டுக் குருத்தெலும்பில் செல்களின் பங்கு கன அளவில் சுமார் 1 முதல் 5 சதவீதம்தான். மிச்சமெல்லாம் தண்ணீரும் காலஜனும் புரோட்டியோகிளைக்கனும். ஈரலையோ தோலையோ பிரித்துப் பழகியவருக்கு இந்த எண்ணிக்கை ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

உண்மையிலேயே செல் தொலைகிறது என்றால், பெரும்பாலும் சென்ட்ரிஃபியூஜில்தான் தொலைகிறது. கரைந்த திரவம் வழவழப்பாக இருக்கும். அதில் செல்கள் அடியில் இறங்காது. மேல் திரவத்தை உறிஞ்சிக் கொட்டும்போது அவையும் சேர்ந்து போய்விடும். இரண்டு மூன்று மடங்கு பிபிஎஸ் ஊற்றி நீர்க்கவைத்து, 100 அல்லது 70 மைக்ரான் சல்லடையில் வடித்து, பிறகு சுழற்றுங்கள். கொட்டப்போகும் திரவத்தில் ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் கொட்டுவது நல்ல பழக்கம்.

டிரிபன் புளூ சாயம் போட்டால் நீலமாகும் செத்த செல்கள் அதிகமா? என்சைமின் செறிவும் நேரமும் இரண்டுமே கூடியிருக்கும். செறிவைக் கூட்டினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். இரவெல்லாம் விடுவதென்றால் 0.1 முதல் 0.2 சதவீதம் போதும், 0.6 சதவீதம் என்றால் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். சரி, அதுவும் ஒழுங்கு என்றால், அறுவை அறையிலிருந்து திசு வந்த வழியை விசாரியுங்கள். கோலாலம்பூரின் செராஸ் பகுதியிலிருந்து மாலை நேர நெரிசலில் புறப்பட்ட பெட்டி எப்போது வந்து சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. திசு குளிர்ந்த மீடியத்தில் மூழ்கியிருக்க வேண்டும், காயவே கூடாது. குழாயை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நேராகச் செருகாமல் ஒரு துணியோ அட்டையோ சுற்றி வையுங்கள். குழாயின் ஓரம் உறைந்தால் அந்தப் பக்கத்துச் செல்கள் போய்விடும்.

மூன்று நாள் ஆகியும் செல்கள் தரையில் ஒட்டவில்லை

புதிதாகப் பிரித்த செல் டிரிப்சின் போட்டு எடுத்த செல்லைப் போல உடனே ஒட்டாது. தன்னைச் சுற்றியிருந்த கூட்டை இழந்து வந்திருக்கிறது. 48 முதல் 72 மணி நேரம் ஃபிளாஸ்கைத் தொடாதீர்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் பல ஃபிளாஸ்குகளில் உண்மையான கோளாறு. நான்காம் நாளும் உருண்டையாகவே மிதந்தால், அவற்றைச் சேகரித்து டிரிபன் புளூ போடுங்கள். உயிரோடு இருந்தால் புது ஃபிளாஸ்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10,000 என்ற அடர்த்தியில் மறுபடி விதைக்கலாம். செத்திருந்தால் முந்தைய தலைப்புக்குத் திரும்புங்கள்.

மீடியத்தின் நிறம் மாறிவிட்டது, அல்லது கலங்கியிருக்கிறது

மீடியத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் அமிலத்தில் மஞ்சளாகும், காரத்தில் ஊதா கலந்த ரோஸ் ஆகும். நிறத்தையும் தெளிவையும் சேர்த்துப் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மஞ்சள், ஆனால் தெளிவு: செல்கள் நெருங்கிவிட்டன, மீடியம் மாற்றத் தாமதமாகிவிட்டது, இல்லாவிட்டால் இன்குபேட்டரில் கார்பன் டைஆக்சைடு கூடியிருக்கிறது. ரோஸ், தெளிவு: கேஸ் சிலிண்டர் தீர்ந்திருக்கும், அல்லது வடிகட்டி இல்லாத மூடியை இறுக்கித் திருகியிருப்பீர்கள். எல்லா ஃபிளாஸ்கும் ஒன்றுபோல ரோஸ் என்றால் சிலிண்டர். ஒன்று மட்டும் என்றால் மூடி. மஞ்சளும் கலங்கலும் சேர்ந்து, முந்தின இரவு நன்றாக இருந்தது காலையில் இப்படி என்றால் பாக்டீரியா. அதைத் திறக்காமலேயே பிளீச் ஊற்றும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பூஞ்சை வேறு மாதிரி. மீடியம் தெளிவாகவே இருக்கும், நிறமும் முதலில் மாறாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பஞ்சு நூல் மாதிரி ஒரு சின்ன மிதப்பு. மைக்ரோஸ்கோப்பில் கிளை விட்ட இழைகள். நம் ஊர் லேப்களில் அதிகம் வருவது இதுதான், காரணமும் கண் முன்னால் இருக்கிறது. வருஷம் முழுக்க ஈரக்காற்று. வார இறுதியில் கட்டடத்தின் ஏர்கோன் நின்றுபோகும், திங்கள் காலையில் போட்டதும் குழாய்களில் தங்கிய ஈரமும் வித்துகளும் அறைக்குள் வந்து விழும். திங்கள் காலை முதல் ஒரு மணி நேரம் ஹூட்டில் (கிருமி புகாமல் செல் வேலை செய்யும் காற்றுப் பெட்டி) எதையும் திறக்காதீர்கள். அட்டைப் பெட்டிகளைச் செல் அறைக்குள் கொண்டுவராதீர்கள். ஈரத்தில் ஊறிய அட்டை பூஞ்சைக்கு நல்ல வீடு. இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை காலி செய்து, துடைத்து, கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். ஹூட்டுக்கு நேர் மேலே ஏர்கோன் காற்று அடித்தால் ஹூட்டின் காற்றுத் திரை கலையும். அதை மாற்றிக் கொடுக்கச் சொல்லிப் பராமரிப்புப் பிரிவிடம் விடாமல் கேளுங்கள்.

பூஞ்சை பிடித்த ஃபிளாஸ்கை ஆம்ஃபோடெரிசின் போட்டுக் காப்பாற்றலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வேண்டாம். அளவு கூடினால் அந்த மருந்து செல்லையும் வதைக்கும், அளவு குறைந்தால் பூஞ்சை ஒளிந்திருந்து திரும்ப வரும். அறுவை அறையிலிருந்து வந்த திசுவை முதலில் அலசும்போது அதற்கு இடமுண்டு, பிடித்த பின் வைத்தியமாக இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. துள்ளும் கரும்புள்ளிகளைக் கண்டு பாக்டீரியா என்று பயப்படுவார்கள். சீரம் உருகும்போது விழுந்த புரதத் துகளும், மீடியத்தில் கால்சியம் பாஸ்பேட் படிவும் அப்படித்தான் நடுங்கும். அந்த மீடியத்தில் ஒரு மில்லிலிட்டரை, ஆன்டிபயாடிக் இல்லாத புது மீடியத்தோடு செல் இல்லாமல் ஓர் இரவு இன்குபேட்டரில் வையுங்கள். பெருகினால் கிருமி. பெருகாவிட்டால் துகள்.

செல்கள் நீண்டுவிட்டன

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தத் தலைப்புக்காகத்தான்.

பிரித்த முதல் வாரத்தில் செல்கள் பலகோண வடிவில், கச்சிதமாக, உள்ளே நுண்மணிகளோடு இருக்கும். ஓரங்கள் ஒளிரும். இரண்டாவது பாசேஜில் சில செல்களுக்கு வால் முளைக்கும். மூன்றாவது, நான்காவதில் ஃபிளாஸ்க் முழுக்க ஒரே திசையில் சாய்ந்த நீண்ட செல்கள். பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருக்கும், வேகமாகப் பெருகும், புது மாணவர் சந்தோஷப்படுவார். உண்மையில் அவை குருத்தெலும்பின் வேலையை விட்டுக்கொண்டிருக்கின்றன. காலஜன் 2 குறைந்து காலஜன் 1 ஏறும், அக்ரிகன் குறைந்து வெர்சிகன் ஏறும். இப்படித் தன் தனித்தன்மையை இழந்த செல்லை நேராக மூட்டில் வைத்தால், வழுக்கும் குருத்தெலும்புக்குப் பதிலாக நார்த்திசு உருவாகும் அபாயம் உண்டு.

காரணம் பிளாஸ்டிக் தரைதான். உடம்புக்குள் இந்தச் செல் முப்பரிமாணக் கூட்டுக்குள் உருண்டையாக, குறைந்த ஆக்சிஜனில், ஏறக்குறைய பிரியாமலே வாழ்வது. கெட்டியான தட்டைத் தரையில் விட்டால் அது கால் பரப்பும், உள்ளே ஆக்டின் இழைகள் முறுக்கேறும், வடிவம் மாறியதும் மரபணுச் செயல்பாடும் மாறும். 1982-இல் பென்யாவும் ஷாஃபரும் இதற்கு மறுபக்கத்தைக் காட்டினார்கள்: தரையில் வளர்ந்து தனித்தன்மை இழந்த முயல் செல்களை அகரோஸ் ஜெல்லுக்குள் வைத்தபோது அவை மறுபடி உருண்டு, மறுபடி காலஜன் 2 சுரந்தன. அதாவது இந்த இழப்பு நிரந்தரம் இல்லை. ஆனால் பாசேஜ் கூடக்கூடத் திரும்பி வரும் பலம் குறையும்.

ஆகவே பார்க்க வேண்டியது வரிசையாக:

பாசேஜ் எண் என்ன? மனித மூட்டுச் செல் என்றால் இரண்டாவது பாசேஜைத் தாண்டாமல் திட்டம் போடுங்கள். 1994-இல் சுவீடனின் கோதன்பர்க்கில் 23 பேருக்கு அவரவர் செல்லையே வளர்த்து முழங்காலில் வைத்த முதல் பெரிய ஆய்விலும் ஆய்வகத்தில் சில வாரங்கள்தான் வளர்த்தார்கள். உங்களுக்கு ஐந்தாவது பாசேஜ் தேவைப்படுகிறது என்றால், தொடக்கத் திசு போதவில்லை என்று அர்த்தம். மேலும் மேலும் பாசேஜ் செய்வதால் அது தீராது.

எத்தனை அடர்த்தியில் விதைத்தீர்கள்? மிகக் குறைவாக விதைத்தால் ஒவ்வொரு செல்லும் அதிக முறை பிரிய வேண்டியிருக்கும். பாசேஜ் எண் ஒன்றாக இருந்தாலும் பிரிந்த தடவை வேறு. நோட்டில் பாசேஜோடு பெருக்க எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

பெருக்கும் கட்டத்தில் வளர்ச்சிக் காரணி சேர்த்தீர்களா? மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 நானோகிராம் எஃப்ஜிஎஃப் 2 என்ற வளர்ச்சிக் காரணி சேர்த்தால், தரையில் இருக்கும்போது செல் நீளும்; ஆனால் பிறகு பெல்லெட்டில் (செல்களைச் சுழற்றி ஒரே உருண்டையாக்கி வளர்ப்பது) போட்டால் நன்றாகத் திரும்பி வரும். இதனால்தான் வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறேன். ஒவ்வொரு பாசேஜிலும் ஒரு சிறு பங்கை எடுத்து காலஜன் 2-க்கும் காலஜன் 1-க்கும் உள்ள விகிதத்தை பிசிஆரில் (மரபணுச் செயல்பாட்டை அளக்கும் சோதனை) பாருங்கள். அந்த விகிதம் பேசும்.

மூக்கு நடுச்சுவரிலிருந்து எடுத்த செல் என்றால் கொஞ்சம் நிம்மதி. அது மூட்டுச் செல்லைவிடச் சுறுசுறுப்பாகப் பெருகும், கொடையாளியின் வயதும் அவ்வளவாகப் பாதிக்காது. சுவிட்சர்லாந்தின் பாஸல் குழுவினர் 2016-இல் மூக்குச் செல்லால் ஆன திசுவை முழங்காலில் வைத்துப் பார்த்ததற்கும் இதுவே அடிப்படை.

முதல் வாரத்திலிருந்தே நீளமான செல்கள்தான், அதுவும் தாறுமாறான வேகம்

முந்தைய தலைப்போடு இதைக் குழப்பாதீர்கள். குருத்தெலும்புச் செல் தன்மை மாற வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே நீளம் என்றால் அவை ஆரம்பத்திலேயே வேறு செல்கள்: மூக்கு, காதுத் திசுவில் குருத்தெலும்பை மூடியிருக்கும் உறையிலிருந்தோ, மூட்டில் சினோவியச் சவ்விலிருந்தோ வந்த ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார்த்திசுச் செல்கள். வேகமாகப் பெருகி மற்றதை மூடிவிடும். திருத்த வழியில்லை, அடுத்த திசுவில்தான் கவனம். நறுக்குவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஸ்கால்பெலால் சுரண்டி, நீலம் கலந்த வெள்ளையாகப் பளபளக்கும் பகுதி மட்டும் மிஞ்சும்வரை உறையை நீக்குங்கள். இளஞ்சிவப்பாகவோ நாராகவோ இருப்பது எதுவும் உள்ளே போகக் கூடாது. அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் ஒரு மாத வேலை போகும்.

எல்லாம் சுத்தம், ஆனாலும் வளர்ச்சி மந்தம்

மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. வேறு காரணத்தை நிரூபிக்கும்வரை அதையே சந்தேகப்படுங்கள். அதற்குச் செல் சுவர் இல்லை, பெனிசிலின் தொடாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவும். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, மீடியமும் கலங்காது. டிஎன்ஏவில் ஒட்டும் ஹெக்ஸ்ட் சாயம் போட்டு, கருவுக்கு வெளியே மினுக்கும் புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள், அல்லது பிசிஆர் செய்யுங்கள். மாதம் ஒருமுறை எல்லா ஃபிளாஸ்குக்கும் இதைச் செய்வது ஆடம்பரம் இல்லை. இருந்தது என்று உறுதியானால் அந்த லாட் முழுவதையும், கூடவே பயன்படுத்திய மீடியத்தையும் தூக்கிப் போடுங்கள். பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் லேப் முழுக்கப் பரவும்.

சுத்தம் என்று வந்தால் கொடையாளியின் வயது, சீரம் லாட், வைட்டமின் சி என்று தேடுங்கள். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் 37 டிகிரி மீடியத்தில் சீக்கிரமே சிதைந்துவிடும். அஸ்கார்பேட் 2 பாஸ்பேட் நிலைத்து நிற்கும்.

பெல்லெட் உருண்டு வரவில்லை, அல்லது தொட்டால் உதிர்கிறது

வழக்கமான அளவு 2.5 லட்சம் செல், 15 மில்லிலிட்டர் கூர் அடிக் குழாய், 200 ஜி, 5 நிமிடம். குழாய் பாலிபுரொப்பிலீனா என்று பாருங்கள். பாலிஸ்டைரீன் என்றால் செல்கள் சுவரில் ஒட்டிப் படர்ந்துவிடும், உருளாது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்க வேண்டும். முதல் நாள் குழாயை ஆட்டாதீர்கள். மறுநாள் விரல் நுனியால் ஒரே ஒரு தட்டுத் தட்டினால், வெள்ளையாக, ஒரே துண்டாக அடியிலிருந்து கிளம்பி மிதக்க வேண்டும். கிளம்பாமல் தட்டையாகவே இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். பொடியாகக் கலைந்தால், டிரிப்சின் அதிக நேரம் இருந்திருக்கும், அல்லது விதைக்கும்போதே செத்த செல்கள் நிறைய இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து சஃப்ரானின் ஓ சிவக்கவில்லை

சஃப்ரானின் ஓ, பெல்லெட்டில் உள்ள புரோட்டியோகிளைக்கனைச் சிவப்பாகக் காட்டும் சாயம். சாயத்தைச் சந்தேகப்படாமல் செல்லைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு தடவையும் உண்மையான குருத்தெலும்பின் ஒரு சீவலை அதே ஸ்லைடு வரிசையில் வையுங்கள். அது சிவந்து, உங்கள் பெல்லெட் சிவக்காவிட்டால்தான் பெல்லெட்டில் கோளாறு. இரண்டுமே வெளிறியிருந்தால் சாயத்திலோ, தண்ணீரில் அதிக நேரம் விட்டதிலோ கோளாறு.

பெல்லெட்தான் காரணம் என்றால் என் கணிப்பு பத்துக்கு எட்டு முறை, செல்லைக் குருத்தெலும்பாக்கத் தூண்டும் டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியின் பக்கம்தான் போகும். விலை அதிகம் என்பதால் ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவார்கள், ஒவ்வொரு முறையும் வீரியம் போகும். நீர்த்த கரைசலில் அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. அதனால்தான் 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆல்புமினோடு கரைக்கச் சொல்கிறார்கள். சிறு சிறு குழாய்களாகப் பிரித்து, ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள். மீடியத்தில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் டிஜிஎஃப் பீட்டா, 100 நானோமோலார் டெக்ஸாமெத்தசோன், அஸ்கார்பேட் 2 பாஸ்பேட், புரோலின், இன்சுலின் டிரான்ஸ்ஃபெரின் செலினியம் கலவை என எல்லாம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பழக்கத்தில் 10 சதவீத சீரம் ஊற்றிவிடவில்லையே? இந்தக் கட்டத்தில் சீரம் பெரும்பாலும் கெடுதல்தான் செய்யும்.

ஓரம் மட்டும் சிவந்து நடு வெளிறியிருந்தால் பெல்லெட் பெரிதாகிவிட்டது, உள்ளே உணவு போகவில்லை. செல் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

டிஎம்எம்பி சாயத்தால் கிளைக்கோசமினோகிளைக்கனை (புரோட்டியோகிளைக்கனின் சர்க்கரைச் சங்கிலி) அளப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சுரந்ததில் ஒரு பங்கு மீடியத்தில் கசிந்துவிடும். கொட்டிய மீடியத்தையும் அளக்காவிட்டால் கணக்கு குறைவாகவே வரும். அல்ஜினேட் ஜெல்லில் வளர்த்திருந்தால் அல்ஜினேட்டும் அதே சாயத்தோடு சேரும், பொய்யாக அதிகம் காட்டும். சாயத்தின் பிஎச்சை 1.5 அளவுக்கு இறக்கினால் அது அடங்கும். எதை அளந்தாலும் டிஎன்ஏ அளவால் வகுத்துச் சொல்லுங்கள்.

ஃபைப்ரின் ஜெல் நாளுக்கு நாள் சுருங்குகிறது

செராஸிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத் திசுப் பொறியியல் குழுவினரின் ஆய்வுகள் வழியாக, மனித பிளாஸ்மாவைக் கால்சியம் குளோரைடால் ஃபைப்ரின் ஜெல்லாக உறையவைத்து அதில் செல்லை வைக்கும் முறை இங்கே நன்கு பழக்கம். சுருங்கினால் இரண்டு காரணம்: தன்மை இழந்த நீண்ட செல்கள் ஜெல்லைப் பிடித்து இழுக்கின்றன, அல்லது செல்லின் என்சைம்கள் ஃபைப்ரினைத் தின்கின்றன. ஜெல் இறுகிச் சிறிதாகிறதா, மெலிந்து கரைகிறதா என்று பாருங்கள். இறுகினால் குறைந்த பாசேஜ் செல்லுக்குப் போங்கள். கரைந்தால் மீடியத்தில் ஃபைப்ரின் சிதைவதைத் தடுக்கும் அப்ரோட்டினின் அல்லது டிரானெக்ஸாமிக் அமிலம் சேருங்கள்.

உறையவைத்து எடுத்த செல்கள் பிழைக்கவில்லை

10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்), நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வு, பிறகு திரவ நைட்ரஜன். மைனஸ் 80 ஃபிரீசரிலேயே மாதக்கணக்கில் கிடந்த குழாயை நம்பாதீர்கள். மாலை இடிமழையில் மின்சாரம் வெட்டிப்போய் அந்த ஃபிரீசர் எத்தனை முறை ஏறி இறங்கியதோ, யாருக்குத் தெரியும்? தீபாவளி, தைப்பூச விடுமுறைக்கு முன் செல்லை உறையவைப்பதென்றால் கடைசி நாள் மாலையில் அவசரமாகச் செய்யாமல் இரண்டு நாள் முன்பே செய்யுங்கள். மறுநாள் ஒரு குழாயை உருக்கி விதைத்து, ஒட்டுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகு மிச்ச ஃபிளாஸ்குகளைக் காலி செய்துவிட்டு பத்துமலைக்குப் புறப்படுங்கள்.